ஒன்பது புள்ளிகளும் ஒரு குதிகாலும்

வேலூர் விடுதி
ஜூன் 16

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

இந்த வருஷம் உனக்கு எழுதும் எல்லாக் கடிதத்திலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று தீர்மானித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தாலும் எழுதுவேன். விடுதிச் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று போன வருஷம் எழுதியது பொய். அப்போதும் நன்றாக இல்லை, இப்போதும் இல்லை. மற்றபடி கர்த்தருடைய தயவால் சுகமாக இருக்கிறேன். தலைவலி போய்விட்டது. பேன் வந்திருக்கிறது. அடுத்த கட்டில் ஹீனாவிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அவளுக்குப் போனதா என்று இன்னும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்கும் கைபேசி கிடையாதாம். மாதத்துக்கு ஒரு தடவை வார்டன் அறையில் ஐந்து நிமிஷம் பேசலாம். பின்னால் நாற்பது பேர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் நமக்குக் கடிதம்தான்.

அப்பாவின் வலது கால் எப்படி இருக்கிறது? சுண்டுவிரலை எடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. “சுகர்ல மரத்துப்போன காலுங்க இது. ஆணி குத்துனாகூட உங்களுக்குத் தெரியாது. இன்னொரு புண்ணு வந்துச்சின்னா பாதத்துல பாதி போய்டும்” என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மா தினமும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறாளா? மறக்காமல் எழுது.

உன் தங்கை,
அக்சா

ஆம்பூர்
ஜூன் 30

அன்புத் தங்கைக்கு,

பேனைக் கடிதத்தோடு அனுப்பாமல் விட்டதற்கு நன்றி. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, ஆனால் கண்ணாடி பார்ப்பதை ஒரு நாளும் விடவில்லை.

அப்பாவின் பிரச்சினை காலைவிடச் செருப்பில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு மெத்தென்று இருக்கிறது. ஆனால் திறந்த செருப்போடு தோல் கம்பெனிக்குள் விடமாட்டார்கள். தரையெல்லாம் தண்ணீரும் கெமிக்கலுமாக இருக்கும். கடையில் விற்கிற மூடின ஷூவோ அவர் காலுக்குக் கல். பத்து மாதமாக வீட்டில் உட்கார்ந்து அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார். “இன்னும் ஒரு வருசம் உரிச்சேன்னா எனக்கு சர்ட்டிபிகேட் குடுத்துடுவாங்கம்மா” என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்.

ஆகவே நானே ஒரு ஷூ செய்யப்போகிறேன். எங்கள் ஷூ கம்பெனி சாம்பிள் ரூம் சூரியபிரகாஷ் சாரிடம் கேட்டேன். “ஒரே ஒரு ஜோடிக்கு ஆர்டர் புடிச்சிருக்கியா? பையர் எந்த நாடு?” என்றார். “பேரணாம்பட்டு ரோடு சார்” என்று நம் வீட்டைச் சொன்னேன். சிரித்துவிட்டு, வேலை முடிந்த பிறகு மெஷினைத் தொடலாம் என்றார்.

மேல்தோலும் தையலும் எனக்குப் பழகின வேலை. சிக்கல் உள்ளே இருக்கிறது. பாதம் உட்காரும் கார்க் அடித்தளத்தை அப்பாவின் காலுக்குச் சரியாகத் தேய்த்து, அதன்மேல் எம்.சி.ஆர். ஒட்ட வேண்டும். விரல் நுனியிலிருந்து குதிகால் வரை இருபத்துநாலு சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு முறை கார்க் இருக்க வேண்டிய உயரம் எடுத்தேன், மில்லிமீட்டரில்: 0, 0, 0, 0, 6, 12, 12, 12, 12. அளவு எடுக்கும்போது அப்பா, “கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்ளோ பாக்க மாட்டாங்க” என்றார்.

இந்த ஒன்பது இடமும் எனக்குத் தெரியும். நடுவில் இருக்கும் இடமெல்லாம் என்ன உயரம் என்பதுதான் தெரியவில்லை. கம்பெனியில் இருக்கிற கம்ப்யூட்டர் ஏற்றுமதி வேலைக்கே போதவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன் அக்கா,
பியூலா

வேலூர் விடுதி
ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பேன் தீர்ந்தது.

யோசிக்காதே! எங்கள் வணிகக் கணிதத்தில் இடைச்செருகல் என்று ஒரு பாடம் இருக்கிறது. அது வருஷக் கடைசியில்தான் வரும், நான் முதலிலேயே படித்துவிட்டேன். உன்னிடம் ஒன்பது புள்ளிகள் இருந்தால், அந்த ஒன்பதின் வழியாகவும் போகிற எட்டாம் படிக்கு மேற்போகாத பல்லுறுப்புக்கோவை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எந்தப் புள்ளியையும் ஒரு மயிரிழைகூட விடாது. இதைவிடச் சரியான கோடு எப்படி இருக்க முடியும்?

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுவிட்டேன். அரை சென்டிமீட்டருக்கு ஒரு உயரம், மொத்தம் நாற்பத்தொன்பது. அட்டவணையை இதோடு வைத்திருக்கிறேன். உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்: விரல் பக்கம் முதல் சென்டிமீட்டரில் விடை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் இரண்டு என்று வருகிறது. மூன்று தடவை சரிபார்த்தேன், கூட்டல் பிழை இல்லை. கணக்கு அப்படிச் சொன்னால் அப்படித்தான், அக்கா. அந்த இடத்தைக் கொஞ்சம் ஆழமாகத் தேய்த்துவிடு.

ஹீனா எட்டிப் பார்த்து, “இன்னாடி இது, டெலிபோன் டைரக்டரியா?” என்றாள். அவளுக்கு விளக்கிச் சொல்லியும் பயனில்லை.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் ஸ்தோத்திரம்.

அக்சா

ஆம்பூர்
ஆகஸ்டு 4

கணக்குப் புலிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம், உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷூ முடிந்தது! உன் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, நாற்பத்தொன்பது உயரத்தையும் ஒவ்வொன்றாகக் கார்க்கில் குறித்துத் தேய்த்தேன். கறுப்பு நிறம், அகலமான முன்பக்கம், உள்ளே எங்கேயும் தையல் தட்டாது. சூரியபிரகாஷ் சார் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத்த எக்ஸ்போர்ட் பண்ணலாம்மா” என்றார்.

அப்பா போட்டுக்கொண்டு கூடத்தில் இரண்டு நடை நடந்தார். அதன்பிறகு அம்மா அவரை உட்கார வைக்கக் கால் மணி நேரம் ஆனது. நாளை கம்பெனிக்குப் போகிறார். புது ஷூ என்றால் முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிப் பார்க்க வேண்டும், மறுநாள் இரண்டு மணி, அப்படியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். மரத்த காலுக்கு அதுதான் சட்டம். மாற்றிப் போட எம்.சி.ஆர். செருப்பைப் பையில் வைத்திருக்கிறேன்.

அப்பா உன்னிடம் சொல்லச் சொன்னது: “எம்பொண்ணு கணக்கு மேல நடக்குறேன்னு எழுது.”

பியூலா

வேலூர் விடுதி
ஆகஸ்டு 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போனில் பேசும் முறை வந்தபோதும் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அப்பா இப்போது எத்தனை மணி நேரம் போடுகிறார்? குதிகாலில் சரியாக உட்காருகிறதா? காலாண்டுத் தேர்வு நெருங்குகிற நேரத்தில் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், பெருமைதான், மறைக்கவில்லை. கணக்கு மிஸ்கூடக் கேட்டார்கள்.

சீக்கிரம் எழுது.

அக்சா

செப்டம்பர் 4

அன்புள்ள அக்சாவுக்கு,

நாங்கள் நலம். கம்பெனியில் வேலை ஜாஸ்தி, அதனால்தான் எழுதவில்லை. அம்மா உன்னை நன்றாகச் சாப்பிடச் சொன்னாள். அப்பாவும் கேட்டதாகச் சொன்னார். தேர்வுக்கு ஒழுங்காகப் படி. வேறு எதையும் நினைக்காதே.

பியூலா

வேலூர் விடுதி
செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை அப்புறம் எழுதுகிறேன்.

உன் கடிதத்தின் மேலே ஊர்ப் பெயர் இல்லை. நீ எப்போதும் ஆம்பூர் என்று எழுதி அடியில் கோடு போடுவாய். தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாகாயம் என்று இருக்கிறது. என் விடுதியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு நீ என்னைப் பார்க்காமல் போனாய். பாகாயத்தில் நமக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அங்கே இருப்பது ஆஸ்பத்திரியும் காலேஜும்தான்.

ஒரு பக்கக் கடிதத்தில் ஷூ என்ற வார்த்தை ஒரு தடவைகூட இல்லை.

அப்பாவுக்கு என்ன? நான் உன்னிடம் எல்லாவற்றையும் எழுதுகிறேன், பேனைக்கூட எழுதினேன். நீயும் எழுத வேண்டும்.

அக்சா

ஆம்பூர்
செப்டம்பர் 15

அன்புள்ள அக்சாவுக்கு,

உன்னிடம் மறைத்தது தப்பு. தேர்வு முடியட்டும் என்று அம்மாதான் சொன்னாள், எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

அப்பாவின் குதிகாலில் புண். ஆகஸ்டு ஆறாம் தேதி அம்மா கண்ணாடியில் பார்த்தபோது ஐந்து ரூபாய்க் காசு அளவு கொப்புளம். மறுநாள் அது உடைந்துவிட்டது. பத்து நாள் உள்ளூரில் கட்டுப்போட்டும் ஆறவில்லை, காய்ச்சல் வந்தது. பாகாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தோம். எலும்பு வரை போயிருக்கிறதா என்று படம் எடுத்தார்கள். போகவில்லை, அக்சா. எலும்பைத் தொடவில்லை. இப்போது முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எட்டு வாரம். அதற்குள் ஆறினால் பாதம் தப்பும்.

தப்பு என்னுடையது. நான் தேய்த்ததில் எங்கேயோ மேடு விழுந்திருக்கிறது. எம்.சி.ஆரைப் பிரித்து விரலால் தடவினேன், குதிகாலில் கைக்குத் தெரிகிறது. உன் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீ படி.

அக்கா

வேலூர் விடுதி
செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

காலாண்டு விடுமுறையிலும் எங்களுக்குச் சிறப்பு வகுப்பு என்பதால் வீட்டுக்கு விடவில்லை. அப்பாவின் காய்ச்சல் நின்றுவிட்டது என்று போனில் கேட்ட பிறகுதான் சாப்பிட்டேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன், இதையும் எழுதிவிடுகிறேன்.

பியூலா அக்கா, மேடு உன்னுடையது இல்லை, என்னுடையது.

உன் கடிதம் வந்த அன்று அட்டவணையை வரைபடத்தாளில் புள்ளிபுள்ளியாக வைத்துக் கோடு இழுத்தேன். ஜூலையிலேயே செய்திருக்க வேண்டும். எண்களை மூன்று தடவை கூட்டிப் பார்த்த நான் ஒரு தடவைகூடப் படமாக வரைந்து பார்க்கவில்லை. கோடு உன் ஒன்பது புள்ளியையும் தொடுகிறது. ஆனால் இரண்டு புள்ளிக்கு நடுவில் பாம்புபோல நெளிகிறது. குதிகாலில் பன்னிரண்டிலிருந்து பதினாலுக்கு ஏறி, மறுபடியும் பன்னிரண்டுக்கு இறங்குகிறது. இரண்டு மில்லிமீட்டர் மேடு, சரியாகக் குதிகாலுக்கு அடியில். நீ நான் சொன்னபடி துல்லியமாகத் தேய்த்தாய். அந்த மைனஸ் இரண்டு வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ அளந்ததில் பூஜ்யத்துக்குக் கீழே எதுவுமே இல்லையே! விரலிலிருந்து குதிகாலுக்குப் போகப் போக உயரம் ஏறும், இல்லாவிட்டால் சமமாக இருக்கும். ஒரு இடத்திலும் இறங்காது. அதுதான் அப்பாவின் காலுடைய வடிவம். நான் புள்ளியைக் காப்பாற்றி வடிவத்தை விட்டுவிட்டேன்.

நான் அழுதுகொண்டே வரைந்தேன். ஹீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோட்டை விரலால் தொட்டுப் பார்த்து, “எங்கண்ணன் பைக் ஓட்டுற மாரியே கீதுடி. ஒம்போது பேரையும் தொட்டுட்டுத்தான் போவேன்னு ஓடுது. அதான் நடுவுல ஆடுது. தொடாம பக்கத்துல போனா இன்னா, யாராவது அடிக்கப் போறாங்களா?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. தொடாமல் போனால் அது தப்பான கோடுதானே என்று கத்தினேன். “தொட்ட கோடு உங்கப்பாவுக்கு இன்னா பண்ணிச்சி?” என்று கேட்டாள்.

நூலகத்தில் யாரோ கொடுத்த பழைய கல்லூரிப் புத்தகங்கள் ஒரு அலமாரி இருக்கிறது. அங்கே ஐந்து நாள் தேடினேன். பெர்ன்ஸ்டைன் பல்லுறுப்புக்கோவை என்று ஒன்று கிடைத்தது. இதில் எந்தப் புள்ளியும் ‘என் வழியாகத்தான் போக வேண்டும்’ என்று கட்டளை போடாது. ஒவ்வொரு இடத்திலும் ஒன்பது உயரங்களுக்கும் ஒரு சராசரி எடுக்கிறோம். பக்கத்தில் இருக்கும் புள்ளிக்கு எடை ஜாஸ்தி, தூரத்தில் இருப்பதற்குக் கம்மி. அந்த எடைகள் எங்கள் பாடத்தில் ஈருறுப்புப் பரவலில் வரும் அதே எண்கள்தான்! எதுவும் மைனஸ் இல்லை, எல்லாம் சேர்ந்தால் ஒன்று. என் பழைய கோட்டில் சில எடைகள் மைனஸ், அதனால்தான் அது துள்ளியது. இது சராசரி என்பதால் பன்னிரண்டுக்கு மேலே போகவே முடியாது, பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்காது. கொடுத்த உயரங்கள் ஏறிக்கொண்டே போனால் கோடும் ஏறிக்கொண்டே போகும். அது நிரூபிக்கப்பட்டிருக்கிறது, நானே நிரூபித்தும் பார்த்தேன். இந்த முறை வரைந்தும் பார்த்தேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடு பெரும்பாலான புள்ளிகளைத் தொடாது. விரலிலிருந்து நாலாவது புள்ளியில் நீ அளந்தது பூஜ்யம், இது 2.9 என்கிறது. பழைய மேட்டைவிட இந்த வித்தியாசம் அதிகம். அதனால் அவசரப்பட்டு எதையும் தேய்க்காதே. காலுக்கு இது ஆகுமா என்று தெரிந்தவர்களைக் கேள். பதினேழு இடத்தில் அளந்து அனுப்பினால் இன்னும் கொஞ்சம் நெருங்கும்.

அப்பா, என்னை மன்னிக்க வேண்டும்.

அக்சா

ஆம்பூர்
அக்டோபர் 6

செல்ல மகள் அக்சாவுக்கு அப்பா நத்தானியேல் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நான் சுகம். கால் கட்டுக்குள் இருக்கிறது, வாய் கட்டில் இல்லை என்று உன் அம்மா சொல்கிறாள்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எடை, சராசரி எல்லாம் புரியவில்லை. மன்னிப்புக் கேட்டது புரிந்தது. அது வேண்டாம். ஏனென்று சொல்கிறேன், இது பியூலாவுக்கும் தெரியாது.

ஆகஸ்டு ஐந்தாம் தேதி அந்த ஷூவை நான் ஒரு மணி நேரம் போடவில்லை. காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை போட்டிருந்தேன். பதினோரு மாதம் கழித்து உள்ளே போகிறேன், ஒவ்வொரு செக்‌ஷனாகப் போய்க் காட்ட வேண்டாமா? “இன்னாப்பா நத்தானியேலு, புது மாப்பிள்ளையா?” என்று கேட்டவனிடமெல்லாம், “பெரிய பொண்ணு தச்சது, சின்னப் பொண்ணு கணக்கு போட்டது” என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன். பையிலிருந்த செருப்பை எடுக்கவே இல்லை. மறுநாளும் அப்படித்தான். ஒரு மணியில் கழற்றியிருந்தால் வெறும் சிவப்போடு போயிருக்கும். வீட்டில் கேட்டபோது ஒரு மணி நேரம்தான் என்று பொய் சொன்னேன்.

ஆக, நீ வரைந்து பார்க்கவில்லை, பியூலா தடவிப் பார்க்கவில்லை, நான் கழற்றிப் பார்க்கவில்லை. மூன்றில் என்னுடையதுதான் பெரிது. வீட்டில் மூத்தவன் நான்தானே.

பியூலா ஆஸ்பத்திரியில் செருப்புச் செய்யும் பிரிவில் உன் கோட்டைக் காட்டினாள். “சரிவு மெதுவா இருந்தா கால் ஏத்துக்கும், எம்.சி.ஆர். அமுங்கிக் குடுக்கும். மேடுதான் ஆகாது” என்றார்களாம். பதினேழு அளவு எடுத்த சீட்டு இதோடு இருக்கிறது. கட்டு மாற்றுகிற நாளில் எடுத்தாள். போட்டு அனுப்பு. அந்தக் கணக்கின்மேலும் நடப்பேன். இந்தத் தடவை ஒரு மணி நேரம் மட்டும்.

உன் அப்பா

ஆம்பூர்
நவம்பர் 17

அன்புள்ள தங்கைக்கு,

மழைக் காய்ச்சல் உனக்கு விட்டதா? இங்கே எல்லோரும் நலம். இந்த முறை அதை எழுதக் கை தயங்கவில்லை.

எட்டாம் தேதி கட்டைப் பிரித்தார்கள். புண் மூடிவிட்டது. புதுத் தோல் வெங்காயச் சருகுபோல ரோஸ் நிறத்தில் இருக்கிறது. அப்பாதான் அந்த உவமையைச் சொன்னார், அவருக்குத்தான் வெங்காயம் தெரியும்.

நீ அனுப்பின பதினேழு புள்ளி அட்டவணைப்படி இரண்டாவது அடித்தளம் தேய்த்தேன். பழைய நாலாவது புள்ளி இருந்த இடத்தில் 2.9 இருந்தது 2.2 ஆகியிருக்கிறது, அவ்வளவுதானா என்று நான் கேட்க நினைத்தேன். அடுத்த வரியிலேயே, ‘இது மெதுவாகத்தான் நெருங்கும், வடிவத்தைக் காப்பாற்றுவதற்குக் கொடுக்கிற விலை’ என்று நீயே எழுதியிருந்தாய். எம்.சி.ஆர். ஒட்டுவதற்கு முன்னால் நான், அம்மா, சூரியபிரகாஷ் சார் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு கார்க்கைத் தடவினோம். விரலிலிருந்து குதிகால் வரை ஏறுகிறது, ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை.

அம்மா கையில் கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் ஆனதும், “கழட்டுங்க” என்கிறாள். “இன்னும் ரெண்டு நிமிசம் கீது கிருபை” என்று அப்பா சொன்னால், “கழட்டுங்கன்னா கழட்டுங்க” என்கிறாள். இன்றைக்கு நாலு மணி நேரம் ஆனது. சிவப்பு இல்லை.

டிசம்பர் ஏழாம் தேதி பாகாயத்தில் கடைசிப் பரிசோதனை. பாதம் தாங்குமா, வேலைக்குப் போகலாமா என்று அன்றைக்குச் சொல்வார்கள். எனக்கு லீவு கிடைக்காது, ஷிப்மெண்ட் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால். நீ வார்டனிடம் கேட்டு அப்பாவோடு போக முடியுமா?

பியூலா

பாகாயம்
டிசம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமா? நான் இப்போது மிகவும் சுகம். செருப்புச் செய்யும் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா மருந்து வாங்கும் வரிசையில் நிற்கிறார். ஆமாம், நிற்கிறார், ஷூ போட்டுக்கொண்டு.

மத்தியானம் இரண்டு மணிக்கே வந்துவிட்டோம். எங்கள் முறை வர நாலேமுக்கால் ஆனது. அதற்குள் நான் இருபது தடவை அப்பாவிடம், “இன்னாப்பா, சூடா கீதா?” என்று கேட்டுவிட்டேன். “எனக்கு எப்டிம்மா தெரியும்? தெரிஞ்சா இங்க ஏன் வர்றேன்?” என்றார். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்ட முட்டாள்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சௌமியா என்று ஒரு சிஸ்டர் கூப்பிட்டார். காலையிலிருந்து தொடர்ந்து எட்டு மணி நேரம் போட்ட ஷூவை என்னையே கழற்றச் சொன்னார். காலுறையையும் நானே உருவினேன். அவர் புறங்கையை முதலில் இடது குதிகாலில் வைத்தார், பிறகு வலது குதிகாலில் வைத்தார். மறுபடி இடது. மறுபடி வலது. இரண்டுக்கும் சூடு வித்தியாசம் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். பிறகு டாக்டர் வந்தார். புதுத் தோலைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெளுத்தது, உடனே பழைய நிறம் வந்தது. ஷூவுக்குள் கையைவிட்டு நுனியிலிருந்து குதிகால் வரை தடவினார். இரண்டாவது தடவையும் தடவினார்.

“யாரு செஞ்சது?”

“பெரியவ தச்சா சார். இவ கணக்கு போட்டா.”

“என்ன கணக்கும்மா?”

நான் பெர்ன்ஸ்டைன் என்று ஆரம்பித்தேன். எடைகள் வரை போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார், வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். கடைசியில், “ஒரு புள்ளியையும் தொடலன்ற. ஆனா மேடு இல்ல” என்றார். “முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் தொடும் சார்” என்று திருத்தினேன். அப்பா என் காலை மிதித்தார், இடது காலால்.

டாக்டர் சிரித்துவிட்டுச் சீட்டில் எழுதினார். “சிவப்பு இல்ல, சூடு இல்ல. பாதம் நல்லா கீதுங்க. திங்கக்கிழமைலர்ந்து கம்பெனிக்குப் போங்க. நடுவுல ரெண்டு தடவ கழட்டிப் பாருங்க.”

இருபத்தெட்டு வருஷம் தோல் கம்பெனியில் கத்திப் பேசியே பழகின அப்பா, “சரிங்க சார்” என்பதை எனக்கே கேட்காத குரலில் சொன்னார். ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தானே குனிந்து லேஸ் கட்டிக்கொண்டார். கட்டி முடித்ததும், “திங்கக்கிழமைக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீது?” என்று கேட்டார். இன்று சனிக்கிழமை, மாலை ஐந்து மணி; திங்கள் காலை ஏழு வரை கணக்குப் பார்த்து, முப்பத்தெட்டு மணி நேரம் என்றேன்.

அம்மாவிடம் நீயே சொல், உன் குரலில் கேட்கட்டும். சூரியபிரகாஷ் சாருக்கு என் வணக்கம். அப்பாவை ஆம்பூர் பஸ் ஏற்றிவிட்டு நான் ஏழு மணிக்குள் விடுதிக்குப் போக வேண்டும். அங்கே ஹீனா வாசலிலேயே நிற்பாள். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் பிரிவைப் பூட்ட வந்துவிட்டார்கள், அப்பாவும் சீட்டை ஆட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்து வருகிறார். உன் அக்சா இதை இந்த வரியோடு நிறுத்துகிறாள், இங்கே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.